வீட்டுச் சேவையகத்துக்கு எந்த ஏ.ஆர்.எம். போர்டு? முதலில் அடப்டரைப் பாருங்கள்

கொக்குவிலில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. வீட்டில் ஐந்தாறு பேரின் கைத்தொலைபேசிப் படங்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றின் ஸ்கேன் பிரதிகள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள மாமாமார் அந்தப் படங்களைப் பார்க்கவேண்டும். வீட்டு இணையத்தில் விளம்பரங்களையும் தடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு சேவையகம், அதாவது நாள் முழுக்க ஓடும் கணினி ஒன்று, வீட்டில் வைக்க நினைக்கிறார். அவரிடம் பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. இணைப்பு 4ஜி ரவுட்டர். 'ராஸ்பெரி பை 5 வாங்கவா, மலிவான ஒரஞ்ச் பை வாங்கவா, அல்லது ஆண்ட்ராய்ட் ரி.வி. பெட்டி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் போடவா?' என்று கேட்கிறார். (முதல் இரண்டும், கைத்தொலைபேசியில் இருப்பதுபோன்ற ஏ.ஆர்.எம். வகைச் செயலியோடு ஒற்றைப் பலகையில் அடங்கும் சிறு கணினிகள். அவற்றைத்தான் போர்டு என்கிறேன்.)

சுருக்கமான பதில்: 4 ஜி.பி. நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 4, ஒரு எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வட்டு), ஒரு நல்ல அடப்டர். பாவித்த பை 4 கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். ஆனால் தம்பி, கேள்வியைப் பின்புறமாகத் தொடங்கியிருக்கிறீர்கள். எந்த போர்டு என்பதைக் கடைசியில் தீர்மானியுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுச் சேவையகம் நின்று பிடிக்குமா என்பதை அதற்கு வரும் மின்சாரமும், தரவு எழுதப்படும் வட்டும், மென்பொருள் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும் என்பதும்தான் முடிவு செய்கின்றன. செயலியின் வேகம் நான்காவதாகத்தான் வருகிறது.

முதலில் மின்கட்டணம். பழைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே சுமார் 60 வாட் இழுக்கும். நாள் முழுவதும் ஓடினால் மாதத்துக்கு 43 யூனிட். பை 4 போர்டும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் சேர்ந்து சராசரியாக 5 வாட். தாராளமாக 8 என்று வைத்தாலும் மாதம் 6 யூனிட்டுக்குள் முடியும். இங்கே வெறும் 37 யூனிட் வித்தியாசத்தை மட்டும் பார்க்கக் கூடாது. நமது வீட்டு மின்பட்டியல் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. மாதம் 80 யூனிட் எடுக்கும் வீட்டில் மேசைக் கணினியைச் சேவையகமாக வைத்தால் 123-இல் போய் நிற்பீர்கள். இரண்டு படி தாண்டியாயிற்று. யூனிட் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். சிறிய போர்டு என்றால் 86. பழைய படியிலேயே இருப்பீர்கள். 'சும்மா கிடக்கும் கணினி' என்பது வாங்கும் விலையில் மட்டும்தான் சும்மா.

ஏ.ஆர்.எம். இல்லாத ஒரு மாற்றும் உண்டு. இன்டெல் என்100 செயலி உள்ள சிறிய கணினிகள் வேலை இல்லாத நேரத்தில் பத்து வாட்டுக்குள் நிற்கின்றன; திரைப்படங்களை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பதில் எந்த ராஸ்பெரி பையும் அவற்றுக்குக் கிட்ட வராது. வீடு முழுக்கத் திரைப்படம் ஓட வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டது படமும் ஆவணமும். அதற்கு 5 வோல்ட்டில் ஓடும் போர்டு போதும், அந்த 5 வோல்ட்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது.

அந்த நன்மை மின்வெட்டு நேரத்தில் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். அந்தக் காலம் போய்விட்டது என்றாலும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வடகீழ்ப் பருவக் காற்றில் பனை மட்டை விழுந்து ஒழுங்கைக்குள் கம்பி அறுவதற்குக் குரங்குகூடத் தேவையில்லை. ஆகவே பற்றரி இல்லாத சேவையகத்தை இங்கே சேவையகம் என்றே சொல்ல முடியாது. கூரையில் சோலார் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பற்றரி இல்லாமல் மின்கட்டமைப்போடு இணைத்த சோலார், கட்டமைப்பில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலிலும் மின்வெட்டு மின்வெட்டுத்தான்.

மேசைக் கணினிக்கு விற்கும் சாதாரண யூ.பி.எஸ். ஒன்றின் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணித்தியால ஈய பற்றரி ஒன்று இருக்கும். அது 84 வாட் மணித்தியாலம். ஈய பற்றரியில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் சுருங்கும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 42. போர்டுக்கு 6 வாட், ரவுட்டருக்கு 6 வாட் என்றால் மூன்றரை மணித்தியாலம் வரவேண்டும். வராது. அந்த யூ.பி.எஸ். 12 வோல்ட்டை 230 ஆக்குகிறது, உங்கள் அடப்டர் அதைத் திரும்ப 5 ஆக்குகிறது. இந்தப் போக்குவரவில் ஒரு நல்ல பங்கு சூடாகப் போய்விடும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய டி.சி. யூ.பி.எஸ். பெட்டிகள் இந்தச் சுற்றுவழி இல்லாமல் 12, 9, 5 வோல்ட்டை நேராகத் தருகின்றன. அவற்றின் அட்டையில் 8800 மில்லி ஆம்பியர் மணித்தியாலம் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது 3.7 வோல்ட்டில் சொல்லும் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 32 வாட் மணித்தியாலம் சொச்சம். போர்டும் ரவுட்டரும் இரண்டு மணித்தியாலம் தாக்குப் பிடிக்கும். சாதாரண வெட்டுக்கு அது போதும்.

வாங்கும்போது அதன் 5 வோல்ட் துறை எத்தனை ஆம்பியர் தரும் என்று பாருங்கள். பல பெட்டிகளில் 2 ஆம்பியர்தான். பை 4 எஸ்.எஸ்.டி.யோடு அதில் மட்டுமட்டாக ஓடும். 12 வோல்ட் துறையில் இருந்து 5 வோல்ட் 3 ஆம்பியராக இறக்கும் சிறிய மாற்றி ஒன்றைப் போட்டால் நிம்மதி. பை 5-ஐ நான் முதலில் சொல்லாததற்குப் பெரிய காரணமும் இதுவே. அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடப்டரைப் பரிந்துரைக்கிறார்கள். 3 ஆம்பியர் கொடுத்தாலும் ஓடும், ஆனால் யூ.எஸ்.பி. துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது, வட்டு தடுமாறும். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பது கைத்தொலைபேசிச் சார்ஜர்களில் இல்லாத சேர்க்கை. 65 வாட் மடிகணினிச் சார்ஜரே என்றாலும் 5 வோல்ட்டில் அது பெரும்பாலும் 3 ஆம்பியருடன் நின்றுவிடும். பவர் பாங்க் ஒன்றை இடையில் வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் கவனிக்க: மின்சாரம் போகும்போதும் வரும்போதும் பல பவர் பாங்குகள் ஒரு கண நேரம் வெளியீட்டை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும். போர்டுக்கு அந்தக் கணமே ஒரு மின்வெட்டு.

கேபிளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழுதுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. மலிவான சார்ஜர் வயரின் உள்ளே 28 கேஜ் என்ற மெல்லிய கம்பி இருக்கும். ஒரு மீட்டருக்குப் போக வரச் சேர்த்து அதன் தடை ஏறத்தாழ 0.43 ஓம். போர்டு 1 ஆம்பியர் எடுக்கும்போது 5.1 வோல்ட் 4.67 ஆகிறது. வட்டு சுழலத் தொடங்கி 1.5 ஆம்பியர் எடுத்தால் 4.46. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ராஸ்பெரி பை அது போதாது என்று பதிவு செய்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். வட்டு அதற்குள் இணைப்பை விட்டிருக்கும். வெளியில் பார்ப்பவருக்கு 'ஹாட் டிஸ்க் பழுது' என்றே தெரியும். வட்டை மாற்றுவார், அதே கதை தொடரும். ஆகவே உரித்தான அடப்டரை, அதோடு சேர்ந்தே வரும் தடித்த வயருடன் வாங்குங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கப் போக வேண்டாம்.

அடுத்தது வட்டு. இந்த போர்டுகள் மெமரி கார்டில் இருந்து தொடங்கும். பலர் எல்லாவற்றையும் அதிலேயே ஓடவிட்டு விடுகிறார்கள். கார்ட் படம் எடுக்கச் செய்யப்பட்ட பொருள். சேவையகம் நாள் முழுக்கத் துளித் துளியாகப் பதிவேடு எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கார்ட் ஒரு நாள் எழுந்திருக்காது. பை 4, பை 5 இரண்டும் யூ.எஸ்.பி. வட்டில் இருந்தே தொடங்கக்கூடியவை. 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒன்றையும் அதைப் போர்டில் செருக யூ.எஸ்.பி. 3 மாற்றி ஒன்றையும் வாங்கி, கார்டைத் தூக்கி அலுமாரிக்குள் வையுங்கள். இன்னும் வேகமான என்.வி.எம்.இ. வகை தேவையில்லை; யூ.எஸ்.பி. பெட்டிக்குள் அது அதிக சூடாகும், அதிக மின்சாரம் எடுக்கும், அந்த வேகம் உங்கள் ரவுட்டரைத் தாண்டி எங்கும் போகாது.

மாற்றியின் உள்ளே இருக்கும் சில்லு முக்கியம். ஜேமைக்ரொன் நிறுவனத்தின் சில சில்லுகள் யூ.ஏ.எஸ். என்ற வேக முறையில் ராஸ்பெரி பையோடு ஒத்துப்போகாமல், பெரிய கோப்பு ஒன்றை நகர்த்தும்போது உறைந்துவிடும். அந்த முறையை அணைத்து ஓடவிட வழி உண்டு. வேகம் கொஞ்சம் குறையும், வேலை நடக்கும். கடைக்காரரிடம் சில்லின் பெயர் கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆகவே மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதியோடு வாங்கி, அன்றைக்கே நாற்பது ஐம்பது ஜி.பி. நகலெடுத்துப் பாருங்கள்.

பழைய மடிகணினியில் இருந்து கழற்றிய சுழலும் வன்தட்டு இருந்தால் எறிய வேண்டாம், இரண்டாம் பிரதிக்கு உதவும். 3.5 அங்குலப் பெரிய வன்தட்டு 12 வோல்ட் கேட்கும், தனி அடப்டர் கேட்கும், தொடங்கும் கணத்தில் ஏறத்தாழ 2 ஆம்பியர் விழுங்கும். குறைந்த மின்சாரம் என்ற பேச்சே அதோடு முடிந்துவிடும்.

இனி போர்டுகள். ராஸ்பெரி பை 4 வெளிவந்தது 2019-இல். உண்மையான கிகாபிட் வலையமைப்பு, இரண்டு யூ.எஸ்.பி. 3 துறைகள், உங்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்யும். ஒரு குறை சொல்லவேண்டும்: தரவைக் கடவுச்சொல்லால் பூட்டும் ஏ.ஈ.எஸ். மறைகுறியாக்க முறைக்கான தனிக் கட்டளைகள் அதன் செயலியில் இல்லை. முழு வட்டையும் பூட்டிவைத்தால் மந்தமாகும். காணி உறுதி இருக்கும் சிறிய பகுதியை மட்டும் பூட்டுவதே எப்படியும் நல்லது. முழு வட்டையும் பூட்டினால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நீங்கள் வந்து கடவுச்சொல் அடிக்கும்வரை சேவையகம் காத்திருக்கும். நீங்கள் கொழும்பில் நிற்கும் நாளில் அம்மா அதைச் செய்யமாட்டார்.

2023-இல் வந்த பை 5 ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம், ஏ.ஈ.எஸ். உண்டு, நேரம் காக்கும் கடிகாரமும் உண்டு. முகங்களை அடையாளம் கண்டு படங்களைப் பிரிக்கும் இம்மிச் போன்ற மென்பொருள் வேண்டும் என்றால் 8 ஜி.பி. பை 5 எடுங்கள், 4 ஜி.பி.யில் அது மூச்சுத் திணறும். 'சித்தி இருக்கும் படம் எல்லாம் காட்டு' என்று கேட்கும் ஆசை இல்லையென்றால் தேவையில்லை.

பை 3-ஐ யாராவது சும்மா தந்தால் விளம்பரத் தடுப்புக்கு மட்டும் வையுங்கள். அதில் வலையமைப்பும் வட்டும் ஒரே யூ.எஸ்.பி. 2 வழியைப் பங்கு போடுகின்றன. பை சீரோ 2-க்கு ஈதர்நெட் துறையே இல்லை.

ஒரஞ்ச் பை சீரோ 3 என்பது உள்ளங்கையில் அடங்கும் போர்டு. ஒல்வின்னர் எச்618 சில்லு, கிகாபிட் வலை, 4 ஜி.பி. வரை நினைவகம். யூ.எஸ்.பி. 2 மட்டுமே. வட்டு செக்கனுக்கு 35 முதல் 40 எம்.பி. தரும். குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் 35 எம்.பி. என்பது 280 மெகாபிட். உங்கள் 4ஜி ரவுட்டர் மேலே அனுப்புவது அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று நீங்களே அளந்து பாருங்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கு இந்த போர்டும் பை 5-உம் ஒன்றுதான். பணம் உண்மையிலேயே கட்டை என்றால் இது நியாயமான தெரிவு. ஆர்கே3588எஸ் சில்லு உள்ள ஒரஞ்ச் பை 5 வேறு வகுப்பு, எட்டுக் கரு, நல்ல பலம். உங்கள் வேலைக்கு அது யானையைக் கட்டித் தேங்காய் உரிப்பது.

ஒட்ரொயிட் எச்சி2 என்ற கொரியப் போர்டு பாவித்த நிலையில் யாரிடமாவது இருந்தால், நேரே வன்தட்டு பொருத்தும் அதன் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் செயலி பழைய 32 பிட் வகை. சேவையக மென்பொருள்களைப் பொதிசெய்து தருபவர்கள் 2023 முதல் 32 பிட் ஏ.ஆர்.எம்.-ஐக் கைவிட்டு வருகிறார்கள். என்ன வாங்கினாலும் 64 பிட் என்பதை உறுதிப்படுத்துங்கள்.

ரி.வி. பெட்டிக்கு என் பதில் வேண்டாம் என்பது. அட்டையில் 4 ஜி.பி. என்று எழுதி உள்ளே 2 வைத்திருப்பார்கள். வலையமைப்பு பெரும்பாலும் 100 மெகாபிட். ஒரே பெயரில் இரண்டு மாதம் கழித்து வாங்கினால் உள்ளே வேறு சில்லு. 2023 தொடக்கத்தில் ரீ95 என்ற பெட்டியில் தீம்பொருள் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸ் போட்டால் அது அழிந்துவிடும் என்று வாதிடலாம். ஆனால் துவக்க நிரல் அவர்களுடையதாகவே இருக்கும். காணி உறுதியை அந்தப் பெட்டிக்குள் நான் வைக்கமாட்டேன்.

மென்பொருள் ஆதரவு என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்: போர்டு விற்பவர் தரும் லினக்ஸ் எந்தக் கேர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிற்கிறது? சீனப் போர்டுகள் பலவற்றுக்கு ஆலை தரும் பிரதி பழைய கேர்னல் ஒன்றிலேயே உறைந்துபோய், ஓரிரு ஆண்டில் புதுப்பிப்பு நின்றுவிடும். இத்தகைய போர்டுகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் ஆர்ம்பியன் திட்டத்தின் பட்டியலில் அந்த போர்டுக்கு முழு ஆதரவு இருக்கிறதா, வெறும் தன்னார்வ ஆதரவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ராஸ்பெரி பைக்கு இந்தக் கவலை இல்லை. 2012-இல் வந்த முதல் போர்டுக்கே இன்னும் இயங்குதளம் வருகிறது. அதன் விலையில் உள்ள மேலதிகப் பணம் இதற்குத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இருந்து பார்ப்பதற்கு வருவோம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்குக் கிடைத்த இணைய (ஐ.பி.) முகவரியைப் பாருங்கள். 10-இல் தொடங்கினாலோ, 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தாலோ, உங்களுக்கென்று பொது முகவரி இல்லை. ஒரே முகவரியைப் பலர் பகிர்கிறீர்கள். 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான். ரவுட்டரில் துறை (வெளியில் இருந்து வரும் இணைப்புக்கான வாசல்) திறந்து பயனில்லை. டெய்ல்ஸ்கேல் போன்ற தனி இணைப்பு மென்பொருள் ஒன்றைப் போர்டிலும் மாமாவின் கைத்தொலைபேசியிலும் நிறுவினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அது அடியில் பயன்படுத்தும் வயர்கார்டு என்ற பாதுகாப்பு முறைக்கு ஏ.ஈ.எஸ். தேவையில்லை, பை 4 அலட்டிக்கொள்ளாது. பொது முகவரி கிடைத்தாலும் சேவையகத்தை நேராக உலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

வைக்கும் இடம்: காற்றாடி இல்லாத, முழுவதும் அலுமினியமான உறை. பை 80 பாகை செல்சியஸை எட்டினால் வேகத்தைக் குறைக்கும். வீட்டுச் சேவையக வேலைக்கு அந்த உறையே போதும், பங்குனி சித்திரை வெக்கையிலும். சின்னக் காற்றாடிகளை நமது உப்புக் காற்றும் தூசியும் சீக்கிரமே கிறீச்சிட வைத்துவிடும். திறந்த உறை என்றால் எறும்பு குடியேறும், பல்லி போர்டின் சூட்டுக்கு வந்து படுக்கும். இரண்டும் போர்டைக் கொல்லக்கூடியவை. வட்டை வைஃபை ரவுட்டரில் இருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், யூ.எஸ்.பி. 3-இன் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். கூரையில் 4ஜி அன்ரெனா இருந்தால் இடி மின்னல் அந்த வயர் வழியாக ரவுட்டருக்கும், அங்கிருந்து ஈதர்நெட் வழியாகப் போர்டுக்கும் வரும். மழைக்கு முன்னரான மாலை இடிக்கு அந்த வயரைக் கழற்றுவதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

வாங்குவது எங்கே? யாழ். நகரில் போர்டு கிடைத்தாலும் தெரிவு குறைவு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகிறவர் இருந்தால் எஸ்.எஸ்.டி.யையும் மாற்றியையும் அங்கே எடுப்பிக்கலாம். போர்டையும் அடப்டரையும் லண்டனில் இருந்து வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தின் மூன்று கால் பிளக் இங்கேயும் பொருந்தும். கனடாவில் இருந்து வருகிறவர் கொண்டுவரும் அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2025 இறுதியில் நினைவகச் சில்லு விலை ஏறியதில் போர்டு விலைகளும் ஏறின, 8 ஜி.பி. மீதான ஆசையைக் குறைக்க அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் பிரதி இல்லாமல் படங்களை இதில் ஏற்ற வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டு வட்டிலும் ஒரே தரவைக் கண்ணாடிபோல் எழுதவிடுவது மின்னலுக்கும் கள்ளனுக்கும் பதில் அல்ல. வாரம் ஒருமுறை பழைய வன்தட்டைச் செருகி நகலெடுத்து, அதைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். மாமா வீட்டில் இன்னொரு மலிவான போர்டு வைத்து, பூட்டிய நிலையில் இரவில் அங்கே அனுப்புவது இன்னும் நல்லது. அவருடைய படங்களுக்கு உங்கள் வீடு, உங்களுடையவற்றுக்கு அவர் வீடு.

எல்லாம் பொருத்தியபின், ஒரு படம்கூட ஏற்றுவதற்கு முன், பற்றரிப் பெட்டியையும் சேர்த்து மொத்த மின்சாரத்தையும் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுத்துவிட்டு எதையும் தொடாமல் பாருங்கள். போர்டு ரவுட்டரை முந்திக்கொண்டு எழும்பும். பை 4-இல் நேரம் காக்கும் கடிகாரம் இல்லாததால் இணையம் வரும்வரை அதற்கு நேரம் தெரியாது, நேரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று சொல்லிச் சில சேவைகள் தொடங்காமலே நின்றுவிடும். அப்படி நின்றால் அந்தச் சேவைகளை நேரம் சரியான பிறகே தொடங்கும்படி அமையுங்கள், அல்லது ஒரு சிறிய கடிகாரத் துணைச் சில்லை வாங்கிச் செருகுங்கள். மின்சாரம் வந்ததும் தானாக எழும்பாமல் பொத்தானை அமத்தச் சொல்லிக் காத்திருக்கும் போர்டுகளும் உண்டு. அதுவும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். யாரும் கைவைக்காமல் தொடர்ந்து நாலைந்து தரம் எழும்பி வந்தபிறகு படங்களை ஏற்றத் தொடங்கலாம்.